மந்த காலத்துக் கொள்வனவும் சிக்கனமும்: ஒரு வரலாற்று நோக்கு

செல்வம் பெருகியிருக்குங் காலத்தில் வாங்குவோர் கணக்கை ஊன்றிப் பார்ப்பதில்லை. வருவாய் குன்றிய காலத்திலேதான் எதனை வாங்குவது, எவரிடம் வாங்குவது, எவ்வளவு வாங்குவது, பணத்தை எப்பொழுது கொடுப்பது என்னும் வினாக்கள் தலைதூக்குகின்றன. அரசாயினும், வணிகக் கம்பனியாயினும், கூட்டுறவுச் சங்கமாயினும், ஓர் எளிய குடும்பமாயினும் இவ்வினாக்களுக்கு விடை கண்டே தீரல் வேண்டும். இவ்வாறு தேவையறிந்து பொருள்களைப் பெற்றுக்கொள்ளும் முறையையே கொள்வனவு என வழங்குகின்றோம்.

2022ஆம் ஆண்டு ஏப்பிரல் 12ஆம் நாள், வெளிநாட்டுக் கடன்களைச் செலுத்துவதை நிறுத்துவதாக இலங்கை அரசு அறிவித்தது. அவ்வாண்டு செப்டெம்பரிற் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதத்தை எட்டிற்று. அந்நாள்களிற் 'சிக்கனம்' என்னுஞ் சொல் எல்லோர் வாயிலும் வழங்கிற்று. அமைச்சுகள் செலவைக் குறைத்தன; கம்பனிகள் கொள்வனவைச் சுருக்கின; குடும்பங்கள் ஒரு வேளை உணவைக் குறைத்தன. இம்மூன்றும் ஒரே பெயராற் சுட்டப்பட்டன. ஆயின் இம்மூன்றும் ஒன்றாகுமோ? இவ்வினாவே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய்.

சிக்கனம் இருவகைப்படும் என்பது எமது கருத்து. வாங்கும் முறையிலுள்ள வீணைக் களைந்து பெறுவது ஒருவகை. தனக்கு நேர்ந்த இழப்பைத் தன்னினும் எளியவன் தலையில் இறக்கிவிட்டு, அதனை மிச்சம் என்று கணக்கெழுதுவது மற்றொரு வகை. முன்னையதே மெய்யான சிக்கனம். பின்னையது வெறுஞ் சுமை மாற்றம். கணக்கேட்டில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். அவற்றைப் பிரித்தறிதற்கு வரலாறே தக்க துணையாகும்.

1. இருபத்தெட்டுப் பவுண் முதல்

பொருளாதார வரலாறு பயிலும் மாணவர் றொச்டேல் முன்னோடிகளை அறிவர். அந்நாளில் இங்கிலாந்தின் இலங்காசயர்ப் பகுதியைச் சேர்ந்திருந்த அவ்வூரின் நெசவாளர் முதலிய உழைப்பாளர் 28 பேர் ஒன்றுகூடி, 28 பவுண் முதலீட்டோடு 1844ஆம் ஆண்டு திசெம்பர் 21ஆம் நாள் ஒரு சிறு கடையைத் திறந்தனர். 'பசி நாற்பதுகள்' என வரலாற்றாசிரியர் குறிப்பிடும் பஞ்ச காலம் அது. வெண்ணெய், சீனி, மா, ஓட்ஸ் மா, மெழுகுதிரி என்பனவே அவர்கள் முதலில் விற்ற பண்டங்கள். கடைக்காரர் மாவிற் கலப்படஞ் செய்து, நிறையிற் குறைத்து, கடனுக்குக் கொடுத்து அதற்கும் விலை ஏற்றி வந்தமையால் அவர்கள் இம்முயற்சியில் இறங்கினர்.

அவர்கள் வகுத்த விதிகள் எளியன: கலப்படமற்ற பொருள், சரியான நிறை, கைக்குக் கை பணம், மிஞ்சும் இலாபத்தை அவரவர் வாங்கிய அளவுக்கேற்பப் பகிர்தல். தனித்தனியே சிறிது சிறிதாக வாங்கியபோது இழந்ததை, ஒன்றுசேர்ந்து வாங்கியபோது அவர்கள் மீட்டனர். 1863இல் இத்தகைய சங்கங்கள் பல கூடி மொத்தக் கொள்வனவுச் சங்கம் ஒன்றை நிறுவின. நம் தமிழகத்திலும் இந்நெறி விரைவில் வேரூன்றிற்று. 1904இற் சென்னையில் நிறுவப்பட்ட திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் இந்தியாவின் முதன்மையான நுகர்வோர் சங்கங்களுள் ஒன்று.

இதுகாறும் கூறியது மெய்யான சிக்கனத்தின் வரலாறு. ஆயின் இவ்வரலாற்றுக்கு நம் நாட்டோடு தொடர்புடைய ஒரு பிற்பகுதியும் உண்டு. இங்கிலாந்து, ஸ்கொத்லாந்து ஆகிய இரு நாடுகளின் மொத்தக் கொள்வனவுச் சங்கங்கள், தம் உறுப்பினருக்குத் தேயிலையை மலிவாகக் கொடுக்கும் பொருட்டு, இடைத்தரகரை நீக்கி, 1902இல் இலங்கையிலே தேயிலைத் தோட்டங்களைத் தாமே வாங்கின. கொள்வனவு முறை என்ற அளவில் இது மிக நேர்த்தியான செயல். எனினும் அக்காலத்து இலங்கைத் தேயிலையின் மலிவு, தென்னிந்தியாவிலிருந்து வந்து மலைநாட்டு இலயங்களில் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளரின் குறைந்த கூலியையே அடித்தளமாகக் கொண்டிருந்தது. றொச்டேல் நெசவாளர் தம்மை வருத்திய கடைக்காரனை நீக்கினர். அவர் பேரர் அருந்திய தேநீரின் மலிவை மற்றோர் உழைப்பாளன் தாங்கினான். அவனைக் கடையிலிருந்தவர் கண்டதில்லை. விலைச்சீட்டிலும் அவன் பெயர் இல்லை.

2. பெருமந்தமும் தோட்டங்களும்

1929இல் ஐக்கிய அமெரிக்காவில் தொடங்கிய பெருமந்தம் இலங்கையைத் தாக்குதற்கு நெடுங்காலஞ் செல்லவில்லை. தேயிலை, இறப்பர், தெங்கு என்னும் மூன்றையே ஏற்றுமதி செய்து, உணவின் பெரும்பகுதியை இறக்குமதி செய்த நாடு இது. மூன்றின் விலையும் ஒருங்கே வீழ்ந்தன. உற்பத்தி நாடுகள் கூடி ஏற்றுமதியைக் கட்டுப்படுத்த 1933இற் தேயிலைக்கும் 1934இல் இறப்பருக்கும் உடன்படிக்கை செய்துகொண்டன.

அந்நாளிலே தோட்டங்களின் கொள்வனவு எவ்வாறு நிகழ்ந்தது என்பது ஊன்றி நோக்கத்தக்கது. பெருந்தோட்டங்கள் பல இலண்டனிற் பதிவுபெற்ற கம்பனிகளுக்கு உரியன. அவற்றின் அலுவல்களைக் கொழும்பிலிருந்த முகவர் கம்பனிகள் நடத்தின. உரம், தேயிலைப் பெட்டி, இயந்திர உறுப்பு, தொழிலாளருக்கான அரிசி என்பவற்றைத் தோட்டத்தின் சார்பில் வாங்கிக் கொடுப்பதும், விளைந்த தேயிலையை விற்றுக் கொடுப்பதும் அவற்றின் பணி. இப்பணிக்கு அவை தரகுப்பணம் பெற்றன. வாங்கும் பொருளின் பெறுமதி கூடக் கூடத் தரகுங் கூடும். ஆகவே குறைந்த விலைக்கு வாங்குவதில் வாங்குபவனுக்கே நன்மையில்லாத ஒரு விந்தையான ஏற்பாடு அது. இற்றை நாளிலும் கொள்வனவு அதிகாரி ஒருவரின் ஊதியமோ பெருமையோ செலவிட்ட தொகையால் அளக்கப்படுமிடத்து, இத்தீமை தலைகாட்டும்.

மந்தம் வந்தபோது சிக்கனம் எங்கிருந்து தொடங்கியிருத்தல் வேண்டும்? தரகிலிருந்தும் மேலதிகச் செலவிலிருந்தும் என்று நாம் எதிர்பார்ப்போம். நிகழ்ந்ததோ வேறு. 1927ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக 1929இல் ஆண் தொழிலாளருக்கு நாளொன்றுக்கு மலைநாட்டில் 54 சதம், இடைநாட்டில் 52 சதம், தாழ்நாட்டில் 50 சதம் எனக் குறைந்தபட்சக் கூலி விதிக்கப்பட்டிருந்தது. அரிசி விலை வீழ்ந்தமையைக் காரணங்காட்டி, 1931இற்கும் 1933இற்குமிடையில் அக்கூலி படிப்படியாகக் குறைக்கப்பட்டது. வேலைநாள்கள் சுருங்கின. பல்லாயிரந் தொழிலாளர் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். கம்பனிகளின் ஐந்தொகையில் இவையாவும் செலவுக் குறைப்பு என்றே பதிவாயின. ஆயின் இதனாற் செலவு அழிந்துவிடவில்லை. அது கம்பனியின் ஏட்டிலிருந்து நீங்கி இலயத்தின் அடுப்படிக்குச் சென்றது.

அதே காலத்தில் யாழ்ப்பாணத்துப் புகையிலைச் செய்கையாளர் வேறொரு வழியை நாடினர். திருவிதாங்கூருக்கு ஏற்றுமதியான புகையிலையின் வாணிகம் நலிவுற்றபோது, செய்கையாளர் கூடி 1934இல் மலையாளப் புகையிலைக் கூட்டுறவு விற்பனைச் சங்கத்தை அமைத்தனர். தனித்தனியே தரகர் வாசலில் நின்றவர்கள் ஒருமித்து விற்கத் தொடங்கினர். மந்தத்தை இச்சங்கம் ஒழித்துவிட்டது என்று கூறுதல் மிகையாகும். எனினும் இழப்பை எளியவன் தலையில் ஏற்றாமலே அதனை எதிர்கொள்ளும் வழியுண்டு என்பதற்கு இது சான்றாகும்.

3. யுத்த காலச் சங்கக்கடைகள்

1942 மார்ச்சில் இரங்கூன் யப்பானியர் கைப்பட்டது. இலங்கை உண்ட அரிசியின் பெரும்பகுதி பர்மாவிலிருந்து வந்தது. அவ்வழி ஒரே மாதத்தில் அடைபட்டது. ஒரே விற்பனையாளனை நம்பியிருத்தலின் கேட்டை இதனினும் தெளிவாக உணர்த்தும் பாடம் அரிது. மலிவாகவும் இலகுவாகவும் கிடைத்த பர்மா அரிசி, உள்நாட்டு வயல்களும் குளங்களும் புறக்கணிக்கப்பட்டுக் கிடந்தமையை மறைத்திருந்தது. மலிவின் முழு விலை அன்றுதான் வெளிப்பட்டது.

அரசு பங்கீட்டு முறையைப் புகுத்திற்று. கள்ளச் சந்தைக்கு இடங்கொடாது பங்கீட்டுப் பொருள்களை ஊர்தோறும் சேர்ப்பித்தற்குக் கூட்டுறவுப் பண்டகசாலைகள் ஊக்குவிக்கப்பட்டன. 1942இற் சில பத்துகளாக இருந்த அவை 1945இல் ஏறத்தாழ நாலாயிரமாகப் பெருகின. அவற்றிற்குப் பொருள் வழங்குதற்கென 1943இற் கூட்டுறவு மொத்த விற்பனை நிலையம் தொடங்கப்பட்டது. எங்கள் பாட்டன்மார் 'சங்கக்கடை' என்று உரிமையோடு அழைத்தவை இவையே. யுத்தம் முடிந்து தட்டுப்பாடு தளர்ந்ததும் இவற்றுட் பல நலிந்தன. பங்கீட்டுக்காகவே பிறந்தவை பங்கீடு தளரத் தளர்ந்தன. உறுப்பினரின் உணர்விலே வேரூன்றாத அமைப்பு, தேவை தீர்ந்ததும் வாடும் என்பது இதனாற் பெறப்படும்.

4. ஒன்பது மாதத்தில் இரு செயல்கள்

நம் நாட்டின் கொள்வனவு வரலாற்றில் 1952உம் 1953உம் ஒருசேர வைத்து எண்ணத்தக்கன. கொரிய யுத்தம் இறப்பர் விலையை உயர்த்தியிருந்தது. அவ்வுயர்வு தணிந்ததும் 1952இல் இலங்கையின் வருவாய் சரிந்தது. அதே வேளை உலகச் சந்தையில் அரிசி அரிதாகி விலையேறிற்று. விற்கும் பொருள் மலிந்தது. வாங்கும் பொருள் அருகிற்று. ஐக்கிய அமெரிக்காவை அணுகியும் விரும்பிய சலுகை கிட்டவில்லை.

இந்நிலையில் வர்த்தக அமைச்சர் ஆர். ஜி. சேனநாயக்க சீனாவை நோக்கினார். பொதுவுடைமைக்கு மாறான கொள்கையுடைய அரசின் அமைச்சர் அவர். சீனாவுடன் இலங்கைக்கு அன்று தூதுவர் உறவுகூட இல்லை. அது 1957இலேதான் ஏற்பட்டது. ஐக்கிய நாடுகள் சபை 1951இற் சீனாவுக்கு இறப்பர் முதலிய போர்த்தேவைப் பொருள்களை விற்பதைத் தடுக்கத் தீர்மானித்திருந்தது. இலங்கையோ 1955 வரை அச்சபையில் உறுப்புரிமை பெறவில்லை. 1952 திசெம்பர் 18ஆம் நாள் பீக்கிங் நகரில் ஐந்தாண்டு உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. ஆண்டுதோறும் சீனா 270,000 தொன் அரிசி தரும். இலங்கை 50,000 தொன் இறப்பர் கொடுக்கும். இறப்பருக்குச் சந்தை விலையினும் கூடுதலாகவும், அரிசிக்குச் சந்தை விலையினும் குறைவாகவும் அன்று விலை அமைந்தது. அமெரிக்க உதவி மறுக்கப்படும் என்னும் அச்சத்தை அரசு பொருட்படுத்தவில்லை.

இவ்வுடன்படிக்கையின் சிறப்பு அதன் மலிவில் மட்டும் இல்லை. இரு தரப்பாருக்கும் உண்மையான தேவை இருந்தது. ஒருவனிடம் மிஞ்சியது மற்றவனிடம் அருகியிருந்தது. விலை ஆண்டுதோறும் மீளாய்வு செய்யப்பட்டது. எவனும் எவனையும் நசுக்கவில்லை. பின்னாளில் விலைச் சலுகைகள் குறைந்தபோதும், பலமுறை புதுப்பிக்கப்பட்டு ஏறத்தாழ முப்பது ஆண்டு இத்தொடர்பு நிலைத்தமைக்கு இதுவே காரணம்.

ஒன்பது மாதங் கழியுமுன்னரே அதே அரசு வேறொரு செயலைப் புரிந்தது. அரிசி மானியத்தின் சுமை தாங்கவொண்ணாதென்று கூறி, 1953 யூலையில் ஒரு கொத்துக் கூப்பன் அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்திற்று. பாடசாலைப் பிள்ளைகளின் மதிய உணவும் நிறுத்தப்பட்டது. ஆகஸ்ட் 12ஆம் நாள் நாடெங்கும் ஹர்த்தால் எழுந்தது, உயிர்கள் பலியாயின. ஒக்டோபரிற் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி துறந்தார்.

திறைசேரியின் கணக்கில் இரு செயல்களும் ஒரே பத்தியில் இடம்பெறத்தக்கனவே: இரண்டும் அரிசிச் செலவைக் குறைத்தன. முன்னையது வாங்கும் முறையைத் திருத்திற்று. பின்னையதோ பிள்ளையின் தட்டிலிருந்து எடுத்தது. முன்னையதற்கு அறிவும் துணிவும் உழைப்பும் வேண்டியிருந்தன. பின்னையதற்கு ஒரு கையொப்பமே போதியது. எளிதாகச் செய்யக்கூடிய சிக்கனத்தை ஐயுறுக என்பது இவ்விரண்டும் தரும் பாடமாகும்.

5. வன்னியின் பொற்காலமும் அதன் மறுபுறமும்

இனி எம் மண்ணுக்கு வருவோம். துணுக்காய்ப் பகுதியின் வயல்கள் பலவற்றுக்கு உயிர்நாடி வவுனிக்குளம். நெடுங்காலம் பாழ்பட்டுக் கிடந்த அக்குளம் 1950களிற் புனரமைக்கப்பட்டது. யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறியோர் பலர். உத்தரவாத விலைத் திட்டத்தின்கீழ் அரசு நெல்லைக் கொள்வனவு செய்தது. பிலிப் குணவர்த்தன அமைச்சராயிருந்தபோது 1957இற் பல நோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் தொடங்கப்பட்டன. 1971இல் நெற் சந்தைப்படுத்தும் சபை சட்டத்தால் அமைந்தது.

1973இல் எண்ணெய் விலை பன்மடங்காயிற்று. உலகெங்கும் தானிய விலையும் ஏறிற்று. அந்நியச் செலாவணியை மிச்சம் பிடிக்கும் பொருட்டு அரசு செத்தல் மிளகாய், வெங்காயம் முதலியவற்றின் இறக்குமதியைத் தடுத்திருந்தது. நெல்லின் உத்தரவாத விலை 1974இற் புசலுக்கு 33 ரூபாவாயிற்று. வன்னி செழித்தது. மிளகாய் விற்ற பணத்திற் கல்வீடு எழுந்தது; உழவு இயந்திரம் வந்தது. அக்காலத்தை முதியோர் இன்றும் பொற்காலம் என்று போற்றுவர்.

எம் முன்னோரின் உழைப்பை யான் குறைத்து மதிப்பிடேன். ஆயினும் வரலாறு எழுதுவோன் மறுபுறத்தையும் நோக்குதல் கடன். அதே 1973, 1974ஆம் ஆண்டுகளில் அரிசிப் பங்கீடு குறைக்கப்பட்டது. நெல்லை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குக் கொண்டுசெல்லத் தடையிருந்தது. சொந்த வயலோ தோட்டமோ இல்லாத மலையகத் தொழிலாளர் பட்டினியால் வாடினர். 1974இற் பெருந்தோட்டங்களில் மரண வீதம் ஏறிற்று. அவருட் பலர் மலையை விட்டு இறங்கி வன்னிக்கு வந்து, எம்மவர் மிளகாய்த் தோட்டங்களிலே கூலிக்கு நின்றனர். 1902இலும் 1931இலும் எவர் சுமந்தாரோ, அவர் வழித்தோன்றல்களே 1974இலும் சுமந்தனர். இம்முறை மிச்சத்தின் ஒரு பகுதி எம் களஞ்சியத்திலே சேர்ந்தது. அவர்தம் பேரப்பிள்ளைகள் இன்று எம் வகுப்பறைகளில் அமர்ந்திருக்கின்றனர். இவ்வரலாற்றை அவர்களுக்குக் கற்பிக்கும்போது, எம்மவரை முற்றிலும் குற்றமற்றவராகக் காட்டுதல் எனக்கு இயலுவதில்லை.

1977இன் பின் இறக்குமதி திறக்கப்பட்டது. மிளகாய் விலை வீழ்ந்தது. அப்பொழுது சுமை எம்மவர் தலைக்கு மாறிற்று.

யான் சிறுவனாயிருந்த காலத்து நிகழ்ச்சி ஒன்றை ஈண்டுக் கூறுதல் பொருந்தும். என் தந்தையார் பெரும்போக நெல்லைக் கொள்வனவு நிலையமொன்றிற் கொடுத்துத் துண்டொன்று பெற்று வந்தார். அந்நிலையம் எதுவென்பது இங்கு வேண்டா. களத்து வாசலில் வந்து நின்ற வியாபாரி கொடுப்பதாகச் சொன்ன விலையிலும் துண்டிலிருந்த விலை கூட. ஆயின் துண்டு பணமாதற்கு மாதங்கள் பல சென்றன. சிறுபோகத்து விதைநெல்லுக்கும் உரத்துக்கும் என் தாயாரின் காப்புகள் அடகு வைக்கப்பட்டன. வட்டியைக் கழித்துப் பார்த்தபோது, களத்து வியாபாரியின் விலையே மேலாயிருந்தது. அடுத்த போகத்தில் தந்தையார் நெல்லை அந்நிலையத்திற்குக் கொண்டுசெல்லவில்லை. ஊரிற் பலரும் கொண்டுசெல்லவில்லை. பணத்தைத் தாமதித்து அந்நிலையம் எதனை மிச்சம் பிடித்ததோ அறியேம், இழந்ததை அறிவோம். அது தன் விற்பனையாளரை இழந்தது.

பின்னர் யுத்தம் வந்தது. 1990களில் எரிபொருள், உரம் முதலியன வன்னிக்கு வருதல் கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1995இன் பின் துணுக்காயும் மல்லாவியும் இடம்பெயர்ந்தோரால் நிறைந்தன. நிவாரண அரிசியையும் மாவையும் மக்களுக்குப் பகிர்ந்தவை கூட்டுறவுச் சங்கங்களே. இறுதி யுத்தத்தின் இடப்பெயர்வில் அவற்றின் களஞ்சியமும் ஏடுகளும் மக்களின் வீடுகளோடு ஒருங்கே அழிந்தன. மீள்குடியேற்றத்தின்பின் அவை வெறுங்கையோடே மீளத் தொடங்கின.

6. அண்மைக்காலப் பாடம்

2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டது. மக்கள் உடல்நலத்தோடு, அந்நியச் செலாவணி மிஞ்சும் என்பதும் அதற்குக் காரணமாகக் கூறப்பட்டது. நவம்பரில் அத்தடை நீக்கப்பட்டது. ஆயின் காலம் கடந்துவிட்டது. 2021/22 பெரும்போக நெல் விளைவு முந்திய பெரும்போகத்தினும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. உரத்திற்கென மிச்சம் பிடித்த செலாவணி அரிசிக்கெனச் செலவாயிற்று.

அதே ஆண்டிற் சீனக் கம்பனி ஒன்றிடமிருந்து சேதன உரம் தருவிக்கப்பட்டது. அதன் மாதிரியிற் பயிருக்குத் தீங்கான நுண்கிருமி இருப்பதாக நம் நாட்டுப் பரிசோதனையிற் கூறப்பட்டமையாற் கப்பல் திருப்பப்பட்டது. கம்பனி அதனை மறுத்தது. ஈற்றில் 2022 தொடக்கத்தில் ஏறத்தாழ 70 இலட்சம் அமெரிக்க டொலர் அக்கம்பனிக்குச் செலுத்தப்பட்டது. பணம் போயிற்று, ஒரு மூடை உரமும் வயலுக்கு வரவில்லை. 1952இலும் சீனாவோடுதான் வாணிகம். எனினும் அன்று பேசி, ஆய்ந்து, ஆண்டுதோறும் மீள நோக்கிச் செய்த ஒப்பந்தம் முப்பது ஆண்டு நிலைத்தது. அவசரத்திற் செய்தது ஒரு கப்பலோடு முறிந்தது. வாங்குமுன் தரத்தை எவர், எங்கே, எம்முறையிற் சோதிப்பது என்று இரு தரப்பும் உடன்படாத கொள்வனவு, எத்துணை மலிவாயினும் நட்டமே.

7. முடிவுரை

இதுகாறும் ஆராய்ந்தவற்றிலிருந்து நான்கு முடிவுகளைத் துணியலாம். ஒன்று: சிறு வாங்குவோர் ஒன்றுகூடி வாங்குதல் மந்த காலத்தின் மெய்யான சிக்கனங்களுள் முதன்மையானது, றொச்டேலிலிருந்து சங்கக்கடை வரை இதற்குச் சான்றுண்டு. இரண்டு: மலிவு கருதி ஒரே வாயிலை நம்புதல் கேடு, 1942 அதனை உணர்த்திற்று. மூன்று: விலை என்பது துண்டில் எழுதிய தொகை மட்டுமன்று, தரமும் காலமும் அதனுள் அடங்கும். பணத்தைத் தாமதிப்பவன் விற்பனையாளனிடம் வட்டியில்லாக் கடன் பெறுகின்றான். நான்கு: மிச்சம் எனக் கூறப்படும் ஒவ்வொரு தொகைக்கும், அது எவரிடமிருந்து வந்தது என்று வினவுதல் வேண்டும். வீணிலிருந்து வந்ததாயின் கொள்க. எளியவனின் கூலியிலிருந்தோ பிள்ளையின் உணவிலிருந்தோ வந்ததாயின் அது சிக்கனமன்று.

இவை அரசுக்கும் கம்பனிக்கும் மட்டும் உரியன அல்ல. 2022இல் அப்பியாசக் கொப்பிகளின் விலை ஏறியபோது, எம் பாடசாலை வகுப்பொன்றின் பெற்றோர் கூடி மொத்தமாக வாங்க எண்ணினர். நகரத்து மொத்தக் கடையிற் கணிசமான தொகை மிஞ்சும் என்று கணக்குப் பார்த்தாயிற்று. அப்பொழுது தாயொருவர் எழுந்து, "எங்கட சந்திக் கடைக்காரர் இவ்வளவு காலமும் எங்களுக்குக் கடனுக்குத் தந்தவர். இப்ப அவரை விட்டிட்டுப் போனால் அவர் என்ன செய்வார்?" என்று கேட்டார். கூட்டம் சற்று நேரம் பேசாதிருந்தது. ஈற்றில், எல்லோருக்குமான கொப்பிகளையும் அக்கடைக்காரர் மூலமே ஒரே முறையில் தருவிப்பதென்றும், முற்பணம் கொடுப்பதென்றும், அவருக்கு ஒரு சிறு இலாபம் வைப்பதென்றும் தீர்மானமாயிற்று. நகரத்து விலையிலுஞ் சற்றுக் கூடிற்று. தனித்தனியே வாங்கும் விலையினும் நன்கு குறைந்தது. கடையும் மூடப்படவில்லை.

அத்தாய் மலையகத்திலிருந்து வந்த குடும்பத்தில் தோன்றியவர். பொருளியல் நூல் எதனையும் அவர் பயின்றவரல்லர். எனினும் யான் இக்கட்டுரையிற் பல பக்கங்களில் எழுத முயன்ற வினாவை, அவர் ஒரே வசனத்திற் கேட்டுவிட்டார். இம்மலரைப் படிக்கும் மாணவருட் சிலர் நாளை கம்பனிகளிலும் திணைக்களங்களிலும் கொள்வனவுப் பொறுப்பை ஏற்பர். கேள்விப்பத்திரங்களைத் திறந்து மிகக் குறைந்த தொகையில் விரல் வைக்கும்பொழுது, அவ்வினாவையும் அவர் ஒருமுறை நினைவாராக.